அப்படித்தான் தேயும் ஸார்!

"ஸ்போர்ட்ஸ் கார் இல்லையா ஸார்... அப்படித்தான் தேயும்!"

இந்த ஒற்றை வாக்கியத்தின் மேல் எனக்குச் சில மாதங்களாகத் தீராத கோபம். சொன்னவர், நகரத்தின் பெரிய டயர் கடை ஒன்றில் கழுத்தில் டை கட்டி நின்ற இளைஞர். அவரைக் குறை சொல்லக் கூடாது. மரியாதையான பையன். ஏ.ஸி. ஹாலில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். கேட்டுக்கொண்டது என் ஆடிட்டர் நண்பன். பக்கத்தில் உட்கார்ந்து காபியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டியது, சாட்சாத் நான்.

எதிரே தரையில் கழற்றிப் போட்ட இரண்டு பின் டயர்கள். வெளி ஓரத்தைப் பார்த்தால் நேற்றுதான் வாங்கியது போல இருக்கிறது. பள்ளம், வரி எல்லாம் பளிச். அதையே புரட்டி உள் ஓரத்தைப் பார்த்தால் ரப்பரைக் காணோம். அடியில் இருக்கிற கம்பிப் பின்னல் பல்லைக் காட்டுகிறது. ஒரே டயர்தான். ஒரு ஓரம் கல்யாண மாப்பிள்ளை, மறு ஓரம் கந்தல் துணி.

ஓடியிருந்தது 9,000 கிலோமீட்டர்.

நண்பனும் நானும் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். அவன் மேலே படித்து ஆடிட்டர் ஆனான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைக்கு வந்தேன். நாற்பத்தாறு வயதில் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. இரண்டே ஸீட், நீண்ட மூக்கு, பின் சக்கரங்களை ஓட்டும் இன்ஜின் என்று ஆறு வருஷம் பழசான ஒரு ஜெர்மன் காரை வாங்கிவிட்டான். "இந்த வயசுல சின்ன வீடு வெச்சுக்காம, கார் வெச்சுக்கிட்டாரேன்னு சந்தோஷப்படறேன் அண்ணா" என்றார் அவன் மனைவி.

புது டயர் ஒன்று 26,000 ரூபாய். இரண்டுக்கு 52,000. கார்டைத் தேய்த்தான். நாங்கள் கிளம்பினோம். அடுத்த 8,000 கிலோமீட்டரில் மறுபடி அதே கம்பி, அதே ஹால், அதே காபி, அதே வசனம்.

கல்லூரியில் எங்களுக்குப் பாடமே இதுதான். தேய்மானம்! தமிழில் பாருங்கள், டயர் தேய்வதற்கும் கணக்குப் புத்தகத்தில் சொத்தின் மதிப்பு குறைவதற்கும் ஒரே வார்த்தை. நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவர்கள் நாங்கள். ஒரு சொத்து எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்தால், ஏன் என்று கேட்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரமே. இரண்டு பி.காம்.களும் கேட்கவில்லை.

கணக்கையாவது போட்டிருக்கலாம். 52,000 ரூபாயை 9,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 78 பைசா. அவன் கார் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கிறது. லிட்டர் சுமாராக நூறு ரூபாய் என்றால், பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். அதாவது, பெட்ரோல் செலவில் பாதிக்கு மேல் பின் டயர்களே தின்கின்றன! பெட்ரோல் விலை ஐம்பது காசு ஏறினால் டீக்கடையில் அரசாங்கத்தையே கவிழ்க்கிற நாம், இதைச் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு வருகிறோம். காரணம், 'அப்படித்தான்'!

பணத்தோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. காசு இருக்கிறவன் காரை வாங்குகிறான், தேயட்டுமே என்று நீங்கள் சொன்னால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

மகளை வேலூரில் ஹாஸ்டலில் விடப் போய்க்கொண்டிருந்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி மழை. வேகம் எண்பதுதான் என்கிறான். நம்புகிறேன், பக்கத்தில் பெண் இருக்கும்போது அவன் விரட்டுகிறவன் இல்லை. சாலையில் மெலிசாகத் தண்ணீர் நின்ற ஓர் இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. ஒரு முழுச் சுற்று. நடுத் தடுப்புச் சுவரில் பின் பம்பர் இடித்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் தூரத்திலேயே பிரேக் அடித்துவிட்டார். அந்த லாரிக்காரருக்குப் புண்ணியமாகப் போகட்டும். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் கீறல்கூட இல்லை. பெண் மட்டும் அதற்கப்புறம் அந்தக் காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

டயர் வெடிக்கவில்லை. மழை நீரை வெளியேற்ற வேண்டிய பள்ளங்கள் உள்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமலே போயிருந்தன. தண்ணீருக்கு வழி இல்லை. டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

'அப்படித்தான் தேயும்' என்கிற வாக்கியத்தை இதற்குப் பிறகு எப்படிச் சும்மா விடுவது?

முழுப் பொய் என்றால் சுலபமாக அடித்துவிடலாம். இது பாதி உண்மை, அதுதான் ஆபத்து. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வேகமாக ஓட்டுவதற்கென்று செய்த கார்களில், பின்னால் நின்று பார்த்தால் சக்கரங்கள் இரண்டும் தலைப்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும். இதை நெகட்டிவ் கேம்பர் என்பார்கள். வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் நிமிர்ந்து, முழு அகலமும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நேராகப் போகும்போது அதற்கு விலை, உள் ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் பாரம். ஒரு டம்ளரைப் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள், வட்டமடிக்கும். சாய்ந்த சக்கரத்துக்கும் அந்தப் புத்திதான். நேரே போகச் சொல்லி இழுத்தால் ஓரம் கொஞ்சம் தேயத்தான் செய்யும். இந்த அளவுக்கு டை கட்டிய பையன் சொன்னது சரி.

ஆனால், கேம்பர் மட்டும் இருந்தால் தேய்மானம் சாது. டயரைத் தின்கிற ராட்சசன் வேறு. அவன் பெயர் டோ. நீங்கள் நேராக நின்று, கால் பாதங்கள் இரண்டையும் உள்பக்கம் திருப்பிக்கொண்டால் டோ-இன். வெளிப்பக்கம் விரித்தால் டோ-அவுட். பாதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நேராக நடந்து பாருங்கள், செருப்பு என்ன பாடுபடும்! சக்கரம் பார்க்கிற திசை ஒன்று, கார் போகிற திசை ஒன்று என்றால், உருள வேண்டிய டயர் ஒவ்வொரு அடியிலும் குறுக்கே இழுபடுகிறது. கேம்பரால் பாரம் உள் ஓரத்தில் இருக்க, டோ இழுக்க, ரப்பர் அழிப்பான் மாதிரி அந்த ஓரம் மட்டும் கரைந்து போகிறது.

இந்த இரண்டும் பூட்டிவைத்த விதி அல்ல, ஸ்பானர் வைத்துத் திருப்புகிற போல்ட். அதனால்தான் கோபம் வருகிறது.

'அப்படித்தான்' என்பது நம் ஊர்க் கடைக்காரர் கண்டுபிடித்த வசனம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஜப்பானில் ஒரு பெரிய இடத்துப் பூர்வீகம் உண்டு.

1990-ல் ஹோண்டா கம்பெனி என்.எஸ்.எக்ஸ். என்று ஒரு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அக்யூரா என்ற பெயரில் விற்றது. உடம்பு முழுக்க அலுமினியம், இன்ஜின் டிரைவரின் முதுகுக்குப் பின்னால். ஃபெராரிக்கே சவால் விட்ட கார். பிரேசிலின் ரேஸ் வீரர் அயர்ட்டன் சென்னா 1989-ல் சுஸுகா மைதானத்தில் இதன் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்து, உடம்பு இன்னும் விறைப்பாக இருக்க வேண்டும் என்று சொல்ல, இன்ஜினீயர்கள் மறுபடி உட்கார்ந்து பலப்படுத்தினார்கள். அப்படி இழைத்து இழைத்துச் செய்த கார்.

வாங்கியவர்கள் ஆனந்தமாக ஓட்டினார்கள். பத்தாயிரம் கிலோமீட்டரை எட்டும் முன்பே பலருக்குப் பின் டயர் முடிந்தது. குறிப்பாக, உள் ஓரம்!

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. இன்ஜின் நடுவில் இருக்கிற காரில், வளைவின் நடுவே டிரைவர் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று வெளியே வீசும். ரேஸ் வீரன் சமாளிப்பான். பல் டாக்டரும் வக்கீலும் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகப் பின் சக்கரங்களுக்குத் தாராளமாக டோ-இன் வைத்தார்கள், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 6 மில்லிமீட்டர். கார் சாதுவாகிவிட்டது. டயர் பலியானது.

6 மில்லிமீட்டர் என்ன பெரிய அளவு என்று கேட்பீர்கள். பி.காம். கணக்குப் போடுகிறேன். ஒரு சக்கரத்துக்கு 3 மில்லிமீட்டர். டயரின் குறுக்களவு சுமார் 600 மில்லிமீட்டர். ஆக, இருநூறில் ஒரு பங்கு கோணல். 200 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் பக்கவாட்டில். 10,000 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து ஏறக்குறைய மாமல்லபுரம் வரைக்கும் ஒரு டயரை உருட்டாமல் தார் ரோட்டில் குறுக்கே இழுத்துக்கொண்டு போவது மாதிரி. (ரப்பர் வளைந்து கொடுக்கும், அதனால் அத்தனையும் உரசலாகப் போகாது என்று இன்ஜினீயர் வாசகர்கள் எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அளவு புரிவதற்காகச் சொன்னேன்.)

வாடிக்கையாளர்கள் கூச்சல் போட்டார்கள். 1993 வாக்கில் ஹோண்டா அந்த 6 மில்லிமீட்டரை 4 ஆகக் குறைத்தது. கார் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. என்.எஸ்.எக்ஸ். அதற்கப்புறம் 2005 வரை ஜம்மென்று விற்றது. இதே கம்பெனி 1999-ல் கொண்டுவந்த எஸ்-2000 என்கிற காரிலும், குண்டும் குழியும் ஏறி இறங்கும்போது பின் சக்கரத்தின் டோ மாறிக்கொண்டே இருந்தது. அதையும் 2004 மாடலில் சஸ்பென்ஷன் அமைப்பை மாற்றிக் குறைத்தார்கள்.

என் வழக்குக்கு இந்த 6-லிருந்து 4 போதும். மூன்று வருஷம் 'ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான்' என்று சொல்லப்பட்ட ஒன்று, நான்காவது வருஷம் இரண்டு மில்லிமீட்டர் திருகலில் 'அப்படி இல்லை' ஆகிவிட்டது. முதல் நாளே 6 வைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. உயிருக்காக டயரைக் கொடுப்பது நியாயமான வியாபாரம். அந்த வியாபாரத்தைச் செய்தவர் கம்பெனி, பில் கட்டுகிறவர் வாடிக்கையாளர் என்னும்போது, அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? எத்தனை ஸ்பீக்கர், எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம், ஸீட்டுக்கு எந்த நாட்டு மாட்டுத் தோல் என்பதெல்லாம் விளம்பரப் புத்தகத்தில் வண்ணத்தில் இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கிற இந்தக் கோணத்தில் பின் டயர் இவ்வளவு கிலோமீட்டர்தான் வரும் என்று ஒரு வரி இல்லை. பிஸ்கெட் பாக்கெட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சடிக்க வைத்திருக்கிறோம். அரைக் கோடி ரூபாய் காருக்கு அது வேண்டாமாம்!

சரி, கடைக்கு வருவோம்.

கடைக்காரர் அலைன்மென்ட் பார்க்காமல் டயர் போட்டாரா? இல்லையே! பார்த்தார், அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார். ஆனால், பார்த்தது முன் சக்கரங்கள் இரண்டை மட்டும்.

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நாம் அரை நூற்றாண்டுக்கு மேல் அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் வளர்ந்தவர்கள். அவற்றில் பின் அச்சு ஒரே இரும்புக் குழாய், அடியில் பட்டை ஸ்பிரிங். இரண்டு பின் சக்கரமும் அந்தக் குழாயின் இரு முனையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். திருப்புவதற்கு அங்கே போல்ட்டே கிடையாது. ஆகவே, அலைன்மென்ட் என்றால் முன் சக்கரம் என்றே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தொழில் கற்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கும் தெருவில் ஓடுகிற சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் திருப்ப ஒன்றும் இல்லை. அம்பாஸடர் 2014-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. அந்தப் பழக்கம் மட்டும் நாற்பது லட்ச ரூபாய் லேசர் மெஷினுக்கு முன்னால் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கிறது.

மெஷின் நான்கு சக்கரத்தையும் அளக்கிறது என்பதுதான் இதில் கொடுமை. விபத்துக்கு அப்புறம் நண்பனின் காரை, ரேஸ் ஓட்டுகிற பையன்களுக்குக் கார் தயார் பண்ணித் தருகிற ஒருவரிடம் கொண்டுபோனோம். சின்ன ஷெட். ஏ.ஸி. இல்லை, காபி இல்லை. "பழைய பிரிண்ட்-அவுட் ஏதாவது இருக்கா ஸார்?" என்றார். ஆடிட்டர் அல்லவா, எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போட மாட்டான். டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். காகிதத்தின் மேல் பாதியில் முன் சக்கரங்கள், எல்லாம் பச்சை. கீழ்ப் பாதியில் பின் சக்கரங்கள், எல்லாம் சிவப்பு! பின் கேம்பர் இருக்க வேண்டியதைவிட ஒரு டிகிரி அதிகம். வலது பின் சக்கரம் டோ-அவுட்டில், வெளியே எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மெஷின் கத்தியிருக்கிறது. அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் படிக்கவில்லை. அடுத்தவன் பாலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்பு வரைக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற ஆடிட்டரும் படிக்கவில்லை.

"ஸ்டியரிங் ஒரு பக்கமா கோணலா இருந்திருக்குமே ஸார்?" என்று கேட்டார் ஷெட்காரர்.

"ஆமா, அதைத்தான் கடையில நேராக்கினாங்க."

"பின்னாடி கோணலா இருந்ததுக்கு முன்னாடியைக் கோணலாக்கி சரிக்கட்டிட்டாங்க. வண்டி நண்டு மாதிரி போயிருக்கு. உங்களுக்குத் தெரியலை."

காரின் அடியில் படுத்து எழுந்தார். முந்தைய சொந்தக்காரர் அழகுக்காக ஸ்பிரிங்கை மாற்றி ஒரு அங்குலம் தாழ்த்தியிருக்கிறார். அதில் கேம்பர் எகிறிவிட்டது. எங்கேயோ ஒரு பள்ளத்தில் விழுந்ததில் வலது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரு கை லேசாக வளைந்து, அதன் ரப்பர் புஷ்ஷும் கிழிந்திருக்கிறது. ஸ்பிரிங்கைப் பழையபடி மாற்றி, அந்தக் கையைப் புதிதாகப் போட்டு, நான்கு சக்கர அலைன்மென்ட்டையும் முடித்தார். அலைன்மென்ட்டுக்கு மட்டும் 3,500 ரூபாய். அதைத் தவிர்த்ததற்காக நண்பன் அதுவரை கொடுத்தது இரண்டு செட் டயர், ஒரு பம்பர், ஒரு மகளின் தைரியம்.

டயரை எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு பின் டயரும் ஒரே மாதிரி உள்ளே தேய்ந்தால் செட்டிங். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்தால் அந்தப் பக்கம் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது. திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்ஸார்பரைப் பார். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே தடவு, பூனையைத் தடவுகிற மாதிரி. ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் என்றால் டோ கோளாறு. இதற்கு லேசரும் வேண்டாம், இன்ஜினீயரிங் டிகிரியும் வேண்டாம். டயர் தனக்கு என்ன நடந்தது என்று உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. வாக்குமூலம் கொடுக்கத் தயாராக இருக்கிற சாட்சியை நாம் என்ன செய்கிறோம்? கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, எதுவும் தெரியாத புது சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறோம்!

முன் டயராவது பரவாயில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு இறங்கினால் உள் ஓரம் வெளியே வந்து முகம் காட்டும். பின் டயர் திரும்பாது. அகலமான டயர், அதை மூடிக்கொண்டு அழகான மட்கார்டு. குனிந்தாலும் தெரியாது. படுக்க வேண்டும், அல்லது கையை உள்ளே விட வேண்டும். சாதாரணக் காரில் ஐந்தாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த மாதிரிக் காரில் அதுவும் முடியாது. பின் டயர் அகலம் அதிகம், முன்னால் சேராது. என்.எஸ்.எக்ஸிலேயே முன்னால் 205, பின்னால் 225. சக்கரத்தின் அளவே வேறு, முன்னால் 15 அங்குலம், பின்னால் 16. ஆக, போட்ட டயர் போட்ட இடத்திலேயே, யாரும் பார்க்காமல், ஒரு ஓரமாகச் சாகிறது.

சட்டம் காப்பாற்றுமா? நம் விதிகளின்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைக் காட்டத்தான் டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருக்கிறார்கள். அந்த மேடுகள் இருப்பது பெரிய பள்ளங்களில். ஓரம் மொட்டையாகும்போது நடுவில் இருக்கிற மேடு, எல்லாம் க்ஷேமம் என்று சொல்லும். பிரிட்டனில்கூட 1.6 மில்லிமீட்டர் விதி டயர் அகலத்தின் நடு முக்கால் பாகத்துக்குத்தான். கம்பி தெரிந்தால் தப்பு என்று தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அங்கே மூன்று வருஷம் ஆன காரை வருஷத்துக்கு ஒருமுறை மேடையில் ஏற்றி யாராவது ஒருவர் அடியில் பார்த்தே ஆக வேண்டும். இங்கே? சொந்தக் காருக்கு முதல் பதினைந்து வருஷம் புகைச் சான்றிதழ் ஒன்றுதான். குழாயில் கம்பியை விட்டுப் புகையைப் பார்க்கிறார்கள். புகைக் குழாயிலிருந்து பின் டயர் இரண்டடி தூரம். அதைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி விதி இல்லை, ஆகவே பார்ப்பதில்லை. ஒரு டார்ச் லைட்டும் இருபது ரூபாய் ஆழமானியும் போதும்.

"நான் ஸ்போர்ட்ஸ் காரை ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிறேன், டயர் தேயவே இல்லை" என்று மார்தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் சிக்கிய போர்ஷே கரேரா ஜி.டி.யின் டயர்களுக்கு வயது ஒன்பது. அதிவேகம்தான் காரணம் என்றது போலீஸ் அறிக்கை. கூடவே, பழைய டயர்கள் காரின் பிடிப்பைப் பாதித்திருக்கலாம் என்பதையும் குறித்துவைத்தது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019-ம் வருஷம் பதினாலாவது வாரம். பளபளப்பைப் பார்க்காதீர்கள், பிறந்த தேதியைப் பாருங்கள்.

இரண்டு ஸீட் கார் வைத்திருக்கிற நாலு பேர் பிரச்னையை இத்தனை பக்கம் எழுத வேண்டுமா என்று கேட்கிறவர்களும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், அந்த நாலு பேர் சுழலும்போது எதிரே வருகிறவர் ஸ்கூட்டரில் இருக்கலாம். தவிரவும், இப்போது வருகிற மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனமானவை, மிதித்தவுடன் முழு பலத்தையும் சக்கரத்துக்குத் தருபவை. டயர் வேகமாகத் தேய்கிறதே என்று கேட்டால் அங்கேயும் பதில் தயாராக இருக்கிறது. "எலெக்ட்ரிக் இல்லையா ஸார்... அப்படித்தான்!" தேய்கிற ரப்பர் காற்றிலும் தண்ணீரிலும் போய்ச் சேருகிறது என்பதால், ஐரோப்பாவில் 2024-ல் கொண்டுவந்த யூரோ-7 சட்டத்தில் முதல்முறையாக டயர் தேய்மானத்துக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே அரசாங்கம் கேட்க ஆரம்பித்திருக்கிற கேள்வியை இங்கே வாடிக்கையாளரே கேட்பதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கழற்றிய டயரை வாடிக்கையாளர் முன்னால் புரட்டிக் காட்டாமல் புது டயருக்கு பில் போடக் கூடாது. பின் சக்கர அளவு சிவப்பில் இருந்தால், அதை வாயைத் திறந்து சொல்லாமல் அலைன்மென்ட்டுக்குக் காசு வாங்கக் கூடாது. சரிசெய்யத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லட்டும், அதில் ஒரு கேவலமும் இல்லை. புரோட்டா மாஸ்டரிடம் யாரும் புட்டு கேட்பதில்லை. தெரியாததற்கு 'அப்படித்தான்' என்று பேர் வைத்து 52,000 ரூபாய் வாங்குவதைத்தான் சகிக்க முடியவில்லை.

போன வாரம் நண்பன் வீட்டில் இருந்தபோது அவனுக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். அதே டயர் கடை, வேறொரு இனிமையான குரல்.

"ஸார், உங்க வண்டி ரெக்கார்டு பார்த்தோம். எட்டாயிரம் கிலோமீட்டர் ஆகியிருக்கும். பின் டயர் மாத்தற டைம் வந்தாச்சு. இந்த மாசம் ஆஃபர் இருக்கு..."

அவர்களுடைய கம்ப்யூட்டர் அதை ஒரு வழக்கமாகவே பதிவு பண்ணிவைத்திருக்கிறது!

"காலையிலதான் படுத்துப் பார்த்தேம்மா. உள்பக்கம் அஞ்சு மில்லிமீட்டர் இருக்கு. வெளிப்பக்கம் அஞ்சரை."

எதிர்முனையில் சில விநாடி மௌனம்.

"அப்படி இருக்காதே ஸார்... உங்களோடது ஸ்போர்ட்ஸ் கார் ஆச்சே?"